எடுத்தது எது, எஞ்சியிருப்பது எது?

கருப்பை அகற்றப்பட்டு வீடு திரும்பிய ஒரு பெண்ணைப் பார்க்க வரும் உறவினர் கூட்டத்தை எங்கள் களுதாவளையில் யாரும் கண்டிருக்கலாம். தோடம்பழமும் மாப்பெட்டியும் கையில் இருக்கும். பாயை விரித்து அமர்ந்து, வெற்றிலைத் தட்டத்தை இழுத்து வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லும் ஆறுதலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்: "இனியென்னகா, எல்லாம் முடிஞ்சுது. துடக்குமில்ல, கரைச்சலுமில்ல. அம்மன் குளிர்த்திக்கு எந்த நாளும் போகலாம்."

அன்பினால் சொல்லப்படும் வார்த்தைகள்தாம். ஆனால் அவை உண்மையல்ல. எல்லாம் முடிந்துவிடவில்லை. குருதி வருவது மட்டுமே முடிந்திருக்கிறது. இந்த வேறுபாட்டை அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்வதில்லை. கிராமமும் சொல்வதில்லை, வைத்தியசாலையும் சொல்வதில்லை. கிராமம் சொல்லாததை அறியாமை என்று மன்னிக்கலாம். வைத்தியசாலை சொல்லாததை என்னவென்பது?

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருப்பவள் நான். யுத்தத்தை எழுதியிருக்கிறேன், 2004இன் கடற்கோளை எழுதியிருக்கிறேன், எத்தனையோ தேர்தல்களை எழுதியிருக்கிறேன். என் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அது செய்தியல்ல என்று நினைத்திருந்தேன். கடந்த மாதம் தங்கை முறையான ஒருத்தி, வயது முப்பத்தொன்பது, வைத்தியசாலையில் கொடுத்த டயக்னோசிஸ் காட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "அக்கா, இதில என்ன எழுதிக் கிடக்கு எண்டு பாருங்க" என்று நீட்டினாள். அதிலிருந்தது ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்களும் ஒரு கிறுக்கலும். பதின்மூன்று வருடங்களுக்கு முன்னர் என் கையில் தரப்பட்ட அட்டையும் இப்படித்தான் இருந்தது. இந்தப் பதின்மூன்று வருடங்களில் ஒன்றுமே மாறவில்லை என்பது செய்திதான் என்று அப்போது எனக்குப் பட்டது. ஆகவே எழுதுகின்றேன்.

2012ஆம் ஆண்டு எனக்கு வயது நாற்பத்து மூன்று. கருப்பையில் நார்க்கட்டிகள். மாதத்தில் பத்து நாட்கள் குருதிப்பெருக்கு, படியேறினால் மூச்சு வாங்கும், முகம் வெளிறிப்போயிருந்தது. சத்திரசிகிச்சை அவசியமாகத்தான் இருந்தது. அதனைச் செய்தவர்களின் கைகளுக்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கின்றேன். இதனைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றேன். ஏனெனில், இந்தக் கட்டுரை சத்திரசிகிச்சைக்கு எதிரானதன்று; அதன் பின்னர் நிலவும் மௌனத்துக்கு எதிரானது.

சிகிச்சை முடிந்து ஏழெட்டு மாதங்களின் பின் விசித்திரமான ஒன்றை உணர்ந்தேன். சில நாட்கள் மார்பு கனத்து நோகும். தலையின் ஒரு பக்கம் இடிக்கும். காரணமில்லாமல் கோபம் வரும். அலுவலகத்தில் இளம் நிருபர்கள் என் மேசைக்கு வரத் தயங்குவார்கள். பிறகு ஒரு காலையில் எல்லாம் விலகிவிடும். சில வாரங்களின் பின் மறுபடி வரும். ஒரு வைத்தியரிடம் சொன்னேன். "அம்மா, உங்களுக்குக் கருப்பையே இல்லை. பிறகென்ன மாதச் சுற்று?" என்று சிரித்தார். மனதை அமைதிப்படுத்தும் குளிசை எழுதித் தந்தார். வீட்டில் "வயதுக் கோளாறு" என்றார்கள். நானும் என்னை நம்பாமற்போகத் தொடங்கினேன். வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைக் கேள்வி கேட்டவள், என் சொந்த உடம்பு சொன்ன தகவலைச் சந்தேகித்து வாய்மூடியிருந்தேன்.

என்னை அதிலிருந்து மீட்டவர் எங்கள் ஊரில் ஓய்வுபெற்றிருந்த ஒரு குடும்பநல மாது. எத்தனையோ பிள்ளைகளின் பிறப்பைப் பார்த்த கைகள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. "கருப்பையை எடுத்தாங்க. சூலகத்தையும் எடுத்தாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவள், அமைச்சர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டவள், என் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியாமல் நின்றேன். "அப்ப ஒரு வெப்பமானி வாங்கு. காலையில கண் முழிச்சதும் பாயை விட்டு எழும்ப முதல் நாக்குக்குக் கீழ வை. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில. கொப்பியில எழுது. மூணு மாதம் எழுதிப்போட்டு மறுகா வா."

நிருபரின் குறிப்புக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன். இரண்டு வாரமளவில் 36.3, 36.2, 36.4 என்று ஓடிக்கொண்டிருந்த எண்கள் ஒரு காலையில் 36.7 ஆகின. அடுத்த நாளும் 36.7. அதற்கடுத்த நாள் 36.8. ஏறத்தாழ பதின்மூன்று நாட்கள் அந்த உயரத்திலேயே நின்றன. அந்த உயரத்தின் கடைசி நாட்களில்தான் தலையிடியும் மார்பு நோவும் வந்தன. பிறகு எண்கள் இறங்கின, நோவும் இறங்கியது. இரண்டாம் மாதமும் அப்படியே. மூன்றாம் மாதமும் அப்படியே. கொப்பியைப் பார்த்த குடும்பநல மாது சொன்னது ஒரே வசனந்தான்: "உன்ட சூலகம் வேலை செய்யுது புள்ள."

இதில் மாயம் எதுவுமில்லை. சாதாரண உடற்றொழிலியல்தான். மாதச் சுற்றை நடத்துவது கருப்பை அன்று. மூளையும் சூலகமும் தமக்குள் ஓமோன்களின் மூலம் பேசிக்கொண்டு நடத்துவது அது. கருப்பை அந்தப் பேச்சைக் கேட்டு நடக்கும் உறுப்பு. சூலகத்திலிருந்து முட்டை வெளியேறிய பின்னர், முட்டை இருந்த இடம் மஞ்சட் சடலமாக மாறிப் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோனைச் சுரக்கிறது. அந்த ஓமோன் மூளையிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைச் சற்று உயர்த்தி வைக்கிறது. உடல் ஓய்வாக இருக்கும் அதிகாலையில் இது 0.3 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரையான உயர்வாகத் தெரியும். எங்கள் வீடுகளில் காய்ச்சலைக் கணக்கிடும் பரனைட்டில் ஏறக்குறைய அரைப் பாகை முதல் ஒரு பாகை வரை. இரண்டு வாரமளவில் மஞ்சட் சடலம் தேய்ந்துபோக, ஓமோனும் வெப்பநிலையும் விழும். கருப்பை உள்ளவளுக்கு அப்போது குருதி வரும். கருப்பை இல்லாதவளுக்கு வெளியே தெரியும்படி எதுவும் வராது. ஆனால் உள்ளே எல்லாம் முன்போலவே நடக்கும். நாட்காட்டி கிழிக்கப்பட்டுவிட்டது என்பதற்காக நாட்கள் நின்றுவிடுவதில்லையே.

இந்த அறிவு புதியதும் அன்று. 1873இல், முன்னர் ஹார்வர்ட் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க், பெண்கள் உயர்கல்வி கற்றால் அவர்களது இனப்பெருக்க உறுப்புக்கள் கெட்டுவிடும் என்று ஒரு நூலே எழுதினார். அதற்கு மறுப்பாக மேரி புட்னம் ஜாகோபி என்ற அமெரிக்கப் பெண் வைத்தியர், பெண்களிடமிருந்து வினாக்கொத்து மூலம் தகவல் திரட்டினார். நாடித்துடிப்பையும் உடல் வெப்பநிலையையும் மாதச் சுற்றின் போக்கோடு சேர்த்து அளந்தார். மாதவிடாய்க் காலத்தில் பெண்ணுக்கு ஓய்வு கட்டாயம் என்ற வாதத்துக்கு ஆதாரமில்லை என்று நிறுவினார். பெயர் குறிப்பிடாமல் அனுப்பப்பட்ட அந்த ஆய்வுக்கு 1876இல் ஹார்வர்டின் பொய்ல்ஸ்டன் பரிசு கிடைத்தது. அதே ஹார்வர்டின் மருத்துவக் கல்லூரி பெண் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது 1945இல்தான். பெண் தன் உடம்பை அளந்து எழுதிவைத்த எண்கள், பேராசிரியரின் கற்பனையை வென்ற கதை இது. நூற்றைம்பது வருடங்கள் கழிந்த பின்னரும் கொப்பியும் கையுமாகச் செல்லும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்றால் முன்னேறியிருப்பது யார்?

எனது கொப்பியை இன்னொரு வைத்தியரிடம் கொண்டு சென்றேன். வயதில் இளையவர். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். "உங்களுக்கு இன்னும் முட்டை வெளியேறுகிறது. இது மாதவிடாய்க்கு முன்னரான தலையிடி. பைத்தியமொன்றும் இல்லை" என்றார். மனதை அமைதிப்படுத்தும் குளிசையை நிறுத்தினார். தலையிடி வரும் நாட்களை முன்கூட்டியே அறிந்து, அந்த நாட்களுக்கு மட்டும் மருந்து தந்தார். ஒரு கொப்பியும் அதைப் புரட்டிப் பார்க்கும் மனமும் இருந்தால் போதும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

2017இல் எண்கள் மாறின. உயர்வுகள் ஒழுங்கற்றுப் போயின. பிறகு கோடு தட்டையானது. நள்ளிரவில் உடம்பு பற்றி எரிந்தது. நாற்பத்தெட்டு வயது. கருப்பை உள்ள பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுபோவது ஓர் அறிவித்தல். எனக்கு அந்த அறிவித்தலைக் கொப்பிதான் தந்தது. குருதிப் பரிசோதனை அதனை உறுதிப்படுத்தியது.

அதே ஆண்டு பெப்ரவரியில்தான் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. வீதி ஒப்பந்தங்களையும் காணி அனுமதிகளையும் கேட்டு அந்தச் சட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்த எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அரச வைத்தியசாலையும் பொது அதிகாரசபைதானே. இன்னொருவரின் மருத்துவப் பதிவேட்டை அவரது எழுத்துமூலச் சம்மதமின்றி வெளியிட அச்சட்டம் இடந்தராது. ஆனால் நான் கேட்பது எனது பதிவேட்டை. எனது சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேட்டு எழுதினேன். கிடைத்தது. அதில் ஒரு வரி: இடது சூலகத்தில் நீர்க்கட்டி காணப்பட்டதால் அதுவும் அகற்றப்பட்டது; வலது சூலகம் விடப்பட்டது.

ஐந்து வருடங்களாக நான் ஒரு சூலகத்துடன் வாழ்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது. என்னைத் திறந்தவர்களுக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியும். அலுமாரிக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. அகற்றிய முடிவு சரியானதாகவே இருந்திருக்கலாம். அதை விசாரிக்கும் தகுதி எனக்கில்லை. சொல்லாமல் விட்டதை விசாரிக்கும் தகுதி எனக்குண்டு.

"தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பதில் இருக்கிறது. 2005இல் வெளியான நியூசிலாந்து ஆய்வொன்று, சூலகங்கள் விடப்பட்டுக் கருப்பை மட்டும் அகற்றப்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்து, அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 3.7 வருடங்கள் முந்தியே சூலகச் செயலிழப்பை அடைந்ததாகக் கண்டது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று நான்கு வருடக் கண்காணிப்பின் முடிவில் அத்தகைய பெண்களில் 14.8 வீதமானோரிடமும், சத்திரசிகிச்சை செய்யாத பெண்களில் 8 வீதமானோரிடமும் சூலகங்கள் செயலிழந்திருந்ததாகக் கணித்தது. கருப்பையோடு ஒரு சூலகமும் நீக்கப்பட்டவர்களிடம் அந்த ஆபத்து இன்னும் கூடுதலாக இருந்தது. அதாவது, என்னைப் போன்றவர்களிடம். ஈஸ்திரோஜன் குறைந்தால் எலும்பு மெலியத் தொடங்கும். இதயத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டு சூலகங்களும் நாற்பத்தைந்து வயதுக்கு முன்னர் அகற்றப்பட்டிருந்தால், மார்புப் புற்றுநோய் போன்ற தடைகள் இல்லாதவிடத்து, இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையிலாவது ஈஸ்திரோஜன் கொடுப்பது பற்றி வைத்தியர்கள் ஆலோசிக்க வேண்டும் என்பதே உலகெங்கும் உள்ள வழிகாட்டல். தன்னிடம் சூலகம் இருக்கிறதா என்றே அறியாத பெண் இதை யாரிடம் போய், எப்போது கேட்பாள்?

ஆகவே அந்த அட்டையின் எழுத்துக்களை இங்கே தமிழில் எழுதி வைக்கின்றேன். யாராவது ஒருவர் தம் தாய்க்கு வாசித்துக் காட்டட்டும். 'டீ.ஏ.எச்.' என்றிருந்தால் வயிற்றைத் திறந்து கருப்பை முழுவதையும் கழுத்தோடு அகற்றியிருக்கிறார்கள். அதனோடு 'பீ.எஸ்.ஓ.' என்றும் இருந்தால் இரண்டு சூலகங்களும் இரண்டு குழாய்களும் போய்விட்டன. 'யூ.எஸ்.ஓ.' என்றால் ஒரு பக்கம் மட்டும். 'பைலேட்டரல் சல்பிங்கெக்டமி' என்றால் குழாய்கள் மட்டும் அகற்றப்பட்டுச் சூலகங்கள் இருக்கின்றன. 'சப்டோட்டல்' என்றிருந்தால் கருப்பைக் கழுத்து உள்ளே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு மாதந்தோறும் சிறு கசிவு வரக்கூடும். கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் அவள் நிறுத்தக் கூடாது. "எல்லாம் முடிஞ்சுது" என்ற ஆறுதலை நம்பி அப்பரிசோதனைக்குப் போகாமல் விட்டால் அது உயிரோடு விளையாடுவது.

இது களுதாவளையின் கதை மட்டுமல்ல. கருப்பையை 'பிள்ளை பெற்று முடிந்ததும் வேண்டாத பை' என்று கருதினால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்தியாவின் மராட்டிய மாநிலத்திலுள்ள பீட் மாவட்டத்தில் காணலாம். கரும்பு வெட்டப் புலம்பெயரும் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே அதிகம். வேலைக்கு வராத நாளுக்கு ஒப்பந்தக்காரர் தண்டப்பணம் அறவிடுவார். மாதவிடாயும் வயிற்றுவலியும் கூலியைக் குறைக்கும். ஆகவே இளம் பெண்கள் கருப்பையை எடுத்துவிட்டு வெட்டுக்குப் போனார்கள். 2019இல் இது வெளியே தெரியவர, மாநில அரசு நீலம் கோர்ஹே தலைமையில் குழு அமைத்தது. ஆராயப்பட்ட 82,309 பெண் தொழிலாளர்களில் 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. ஆறு பேரில் ஒருத்தி! இந்தியாவின் 2015-16 தேசிய குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 வீதமானோர் இச்சிகிச்சைக்கு உட்பட்டதாகவும், அவர்கள் உட்பட்ட வயதின் நடுப்புள்ளி 34 என்றும் பதிந்தது. வைத்தியர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில் 2023 ஏப்ரலில் இந்திய உச்ச நீதிமன்றம், தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டல்களை மூன்று மாதங்களுக்குள் ஏற்றுக்கொள்ளுமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

எமது நாட்டில் வைத்தியம் இலவசம். இங்கே கரும்பு ஒப்பந்தக்காரனும் இல்லை. கத்திக்குக் காசு எண்ணும் அவசரமும் அரச வைத்தியசாலைகளில் இல்லை. அந்த வகையில் நாம் பாக்கியசாலிகள். ஆனால் பீட் மாவட்டத்துப் பெண்ணிடமும் என்னிடமும் பறிக்கப்பட்ட ஒரு பொருள் பொதுவானது. அது தகவல். அவளுக்குச் சிகிச்சைக்கு முன்னர் சொல்லப்படவில்லை. எனக்குப் பின்னர் சொல்லப்படவில்லை.

இதிலே எமது பிரதேசத்துக்கென்றே ஒரு விசித்திரம் உண்டு. மட்டக்களப்பு தாய்வழிக் குடிமரபின் நாடு. குடியைத் 'வயிற்றுவார்' வழியாகவே எண்ணுகிறோம். கோயில் உரிமையும் வரிசையும்கூட அந்த வயிற்றைக் கேட்டே தீர்மானிக்கப்பட்டன. பெண்பிள்ளை பெரியவளானால் ஒலிபெருக்கி கட்டிச் சாமத்தியச் சடங்கு செய்து, காணொளி எடுத்து ஊருக்கெல்லாம் அறிவிக்கிறோம். அவள் வயிற்றுக்கு முதல்நாள் நடந்ததை ஊர் அறியலாம். அதே வயிற்றிலிருந்து முப்பது வருடங்களின் பின் எது வெட்டி எடுக்கப்பட்டது என்பதை அவளே அறியக் கூடாதா?

எனக்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். முதலாவது, "ஒரு கிளினிக்கில் நூறு பேரைப் பார்க்கும் வைத்தியருக்கு விளக்கம் சொல்ல நேரமேது?" நியாயமான கேள்வி. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போன நிலையில் எஞ்சியிருப்பவர்களின் சுமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் நான் கேட்பது விரிவுரை அல்ல. தமிழில் ஒரு வரி. அச்சிட்ட படிவத்தில் நான்கு பெட்டிகள்: கருப்பை, கழுத்து, வலது சூலகம், இடது சூலகம். எடுக்கப்பட்டதற்கு எதிரே ஒரு புள்ளடி. தாதியொருவர் அரை நிமிடத்தில் செய்துவிடுவார்.

இரண்டாவது, "பெண்களைப் பயமுறுத்துகிறீர்கள், அவசியமான சத்திரசிகிச்சையையும் மறுத்துவிடுவார்கள்." இல்லை. உண்மையைச் சொன்னால் பயப்படுவாள் என்று நினைத்துத்தான் இத்தனை காலமும் பெண்ணுக்குப் பொய் சொல்லப்பட்டது. காரணமே தெரியாமல் மாதாமாதம் வந்து போகும் நோவுதான் பயமுறுத்துகிறது. காரணம் தெரிந்த நோவு அல்ல.

மூன்றாவது, "வெப்பமானியை நம்ப முடியாது." இதில் பாதி உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். காய்ச்சல் வந்தால் கணக்குக் குழம்பும். டெங்கு வாட்டும் எமது பிரதேசத்தில் இது சிறிய விடயமன்று. இரவுத் தூக்கம் கெட்டாலும், எழுந்து நடமாடிவிட்டு அளந்தாலும் எண் பிழைக்கும். குறைந்தது மூன்று மணிநேரத் தொடர்ச்சியான தூக்கத்தின் பின்னரே அளக்க வேண்டும். கொரோனாக் காலத்தில் நெற்றியில் நீட்டிய துப்பாக்கிபோன்ற கருவி இதற்கு உதவாது. வாயில் வைக்கும் வெப்பமானி வேண்டும். தசமத்தின் பின் இரண்டு இலக்கம் காட்டுவதாயின் நல்லது. ஒரு நாளின் எண் எதையும் சொல்லாது. மூன்று மாத ஓட்டமே பேசும். முட்டை வெளியேறியதை அது நடந்த பின்னரே காட்டும். கோடு தட்டையாக இருப்பது முட்டை வெளியேறவில்லை என்பதற்கான அறிகுறி; மாதவிடாய் நிறுத்தத்துக்கான தீர்ப்பு அன்று. சத்திரசிகிச்சை நடந்த கையோடு அளந்து பயனில்லை. இடுப்புப் பகுதிச் சத்திரசிகிச்சையின் பின் ஓமோன் அளவுகள் சிலகாலம் தாறுமாறாக இருக்கலாம் என்பதால், குருதிப் பரிசோதனைக்கும் குறைந்தது மூன்று மாதங்கள் பொறுக்கச் சொல்கிறார்கள். காய்ச்சலோ, குருதிக் கசிவோ, துர்நாற்றமோ இருந்தால் கொப்பியை மூடிவிட்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

இத்தனை குறைகளையும் ஒப்புக்கொண்ட பின்னரும் சொல்கின்றேன்: வெப்பமானி வைத்தியரின் இடத்தைப் பிடிக்க வந்ததன்று. வைத்தியரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாமலிருக்கவே அது. "எனக்கு ஏதோ செய்யுது டொக்டர்" என்று சொல்லும் பெண்ணைத் திருப்பி அனுப்புவது எளிது. தொண்ணூறு நாட்களின் எண்களோடு வருபவளைத் திருப்பி அனுப்புவது அத்தனை எளிதன்று. இன்று இதையே கைப்பேசிச் செயலியாகவும் விரல் மோதிரமாகவும் செய்து மாதச் சந்தாவுக்கு விற்கிறார்கள். வெற்றிலைத் தோட்டத்தில் தண்ணீர் ஊற்றி வாழும் பெண்ணுக்கு அது தேவையில்லை. பிள்ளையின் பழைய பாடசாலைக் கொப்பியும் ஒரு பென்சிலும் போதும்.

நான் கேட்பது மூன்றே விடயங்கள். முதலாவது, கருப்பை அகற்றும் எந்தச் சத்திரசிகிச்சைக்கும் முன்னர், எதை எடுக்கப் போகிறோம், எதை விடப் போகிறோம் என்பதைப் பெண்ணின் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழியென்று 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் சொல்கிறது. அது பெயர்ப்பலகைக்கு மட்டுமா? இரண்டாவது, வீடு செல்லும்போது தரும் அட்டையில் நான் சொன்ன நான்கு பெட்டிகளும் இருக்க வேண்டும். மூன்றாவது, 1996 முதல் இந்நாட்டில் முப்பத்தைந்து வயதுப் பெண்களை அழைத்துப் பரிசோதிக்கும் நிலையங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் இயங்குகின்றன. கருப்பை அகற்றப்பட்ட பெண்களும் வருடத்துக்கொருமுறை அங்கே அழைக்கப்பட வேண்டும். உடம்பு எரிகிறதா, தூக்கம் வருகிறதா, எலும்பு நோகிறதா என்று கேட்கப்பட வேண்டும். புதிய கட்டடம் வேண்டாம். புதிய நியமனமும் வேண்டாம். கேட்கும் வழக்கம் மட்டும் வேண்டும்.

தங்கையின் அட்டைக்கு வருகின்றேன். கிறுக்கலை வெளிச்சத்தில் பிடித்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். 'டீ.ஏ.எச்.' தெளிவாக இருந்தது. அதன் பக்கத்திலிருந்தது 'பீ.எஸ்.ஓ.'வா, வைத்தியரின் கையொப்பத்தின் வாலா என்று எனக்கும் விளங்கவில்லை. முப்பத்தொன்பது வயதுப் பெண்ணின் எலும்பும் இதயமும் தூக்கமும் அந்த ஒரு கிறுக்கலில் தொங்குகின்றன. "எனக்கும் விளங்கல்ல" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆனாலும் அதைத்தான் சொன்னேன்.

வைத்தியசாலைக்கு எழுதும் கடிதத்தை இருவருமாக அன்று மாலையே எழுதினோம். எங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு வெப்பமானியும் வாங்கிக் கொடுத்திருக்கின்றேன். காலையில் அளந்து எழுதுகிறாள். கடிதத்துக்குப் பதில் முந்துகிறதா, கொப்பி முந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். கொப்பி முந்தினால் அந்த வெட்கம் எங்களுடையதாக இருக்காது.